41 நாள் ஹோம் நர்சிங்: அப்பா, டார்வின், ராத்திரி சிஸ்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. டெபாசிட்டில் ஒரு பகுதி இன்னும் அவர்களிடம் இருக்கிறது, அது ஒரு காரணம். இன்னொன்று, பெயரைப் போட்டால் நான் சொல்லப்போகிற சிஸ்டர்கள் யாரென்று அந்த ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், என்னால் ஒருவருக்கும் வேலை போகக் கூடாது. திருச்சியில் ஹோம் நர்சிங் என்று தேடினால் வருகிற ஏழெட்டுப் பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நர்ஸ் எடுக்க யோசிக்கிறவர்களுக்கு இதில் ஏதாவது உதவினால் சரி.

அப்பாவுக்கு 78 வயது. தை மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு இடுப்புக்குப் பக்கத்தில் முறிந்தது. எலும்பு முனையில் இருக்கிற பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். ஒன்பதாம் நாள் யூரின் டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு முட்டி தேய்மானம், அப்பாவைத் தூக்க முடியாது. எனக்கு பேங்க் வேலை, லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துவிட்டது. அதனால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று எடுத்தோம். 12 மணி நேர ஷிஃப்ட், படித்த நர்ஸ் என்றால் 1,400 ரூபாய், அட்டெண்டர் என்றால் 850. டெபாசிட் 10,000.

ஆள் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு அட்டை வருகிறது. போட்டோ, வயது, படிப்பு, எத்தனை வருட அனுபவம், தெரிந்த மொழி, அதற்குக் கீழே மதம். கல்யாண பயோடேட்டாவில் ராசி, நட்சத்திரம் மட்டும் விட்டுப்போன மாதிரி இருந்தது. நம்மிடமும் ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்கிறார்கள், அதிலும் அந்தக் கட்டம் உண்டு. அப்பா படுத்தபடியே பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். ஆபீஸ் பையன் பார்த்துவிட்டு, "ஒண்ணு ஃபில் பண்ணாம விட்டுட்டீங்க மேடம்" என்று திருப்பித் தந்தான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் இந்த ரிவ்யூ புரியாது. 31 வருடம் அரசுப் பள்ளியில் விலங்கியல் வாத்தியார். கால் நன்றாக இருந்தவரை புத்தூர் பெரியார் மாளிகையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கருப்புச் சட்டையோடு மூன்றாவது வரிசையில் இருப்பார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வருகிற பையன் உட்பட, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வி வரும்: "மனுஷன் எப்படிப்பா வந்தான்?" 41 நாளில் நான்கு நர்ஸ்கள் இந்த வைவாவைத் தாண்டித்தான் வேலை பார்த்தார்கள். முதல் நாளே ஓடிப்போவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் ஓடவில்லை.

பகல் சிஸ்டர் பெரம்பலூர் பக்கம், 26 வயது, பிஎஸ்சி நர்சிங். நெற்றியில் திருநீறு, கையில் சிவப்புக் கயிறு. அப்பாவை அவர் திருப்பிப் படுக்க வைப்பதைப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்துப் போட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து இழுப்பார், 70 கிலோ ஆள் மூச்சுப் பிடிக்காமல் புரண்டுவிடுவார். அப்போது இரண்டு தொடைக்கும் நடுவே ஒரு தலையணை கட்டாயம். கால் உள்பக்கம் திரும்பினால் புதுப் பந்து நழுவிவிடும் என்று எனக்கும் அம்மாவுக்கும் வகுப்பே எடுத்தார். அவரிடம் அப்பா கேட்டதற்கு உடனே பதில் வந்தது: "தசாவதாரம்தான் சார். முதல்ல மீன், அப்புறம் ஆமை, பன்றி, பாதி சிங்கம் பாதி மனுஷன், குள்ளன், அப்புறம் முழு ஆளு. டார்வினுக்கு முன்னாடியே நம்மாளுங்க சொல்லிட்டாங்க."

அப்பா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவரோ சிரித்துவிட்டு, ஹால்டேன் என்ற உயிரியல்காரரே இந்த வரிசையைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார் என்று ஆரம்பித்துவிட்டார். இங்கிலாந்தை விட்டு 1957ல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகவே ஆகி, 1964ல் புவனேஸ்வரத்தில் செத்துப்போனவர் அவர். "ஆனா அது ஏணி இல்லம்மா, மரம். கிளை கிளையாப் பிரியும். சிங்கத்துலேர்ந்தா மனுஷன் வந்தான்?" என்றார். சிஸ்டர் பிபி மெஷினைச் சுருட்டிக்கொண்டே, "மரத்துலயும் கீழேர்ந்துதானே சார் மேல போகுது" என்றார். அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை, அல்லது மாத்திரை மயக்கம்.

பதினெட்டாம் நாள் பகல் சிஸ்டர் தம்பி கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு. ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலை 8 மணிக்குக் கதவைத் திறந்தால் வேறு ஒரு பெண் நிற்கிறார். வாட்ஸ்அப் அட்டையும் வரவில்லை, மதம் என்னவென்று நானும் கேட்கவில்லை. வைவாவில் இவர்தான் முதல் மார்க்: "பாடத்துல வந்துச்சு சார். லாமார்க், ஒட்டகச்சிவிங்கி கழுத்து, டார்வின், இயற்கைத் தேர்வு. மனுஷன் குரங்குலேர்ந்துதான் வந்தான்." அப்பா, "குரங்குலேர்ந்து இல்ல, குரங்குக்கும் நமக்கும் ஒரே பாட்டி" என்று ஒரு மார்க் குறைத்தார். இதெல்லாம் சரி. அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், யூரின் பையின் குழாயைத் திறந்து காலி செய்த அதே கிளவுஸோடு அப்பா கையில் மருந்து ஏற்ற நரம்பில் செருகியிருக்கிற குழாயை, கேன்யுலாவை, தொட்டுச் சரி பண்ணுகிறார். மறு கையில் போன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா நிதானமாகச் சொன்னார்: "பதில் முக்கால்வாசி சரி. கை கழுவலயேம்மா."

இப்போது ராத்திரி சிஸ்டர். உண்மையில் இந்த ரிவ்யூவையே இவருக்காகத்தான் எழுதுகிறேன். மார்த்தாண்டம் பக்கம், 44 வயது, ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமோ, இருபது வருட அனுபவம், அதில் ஆறு வருடம் சவூதியில். பிறந்தது சிஎஸ்ஐ, கல்யாணத்துக்கு அப்புறம் பெந்தெகொஸ்தே சபை, காதில் கழுத்தில் பொட்டு நகை கிடையாது. அத்தை ஒருவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம், 1838ல் ராம்சே என்ற லண்டன் மிஷன் டாக்டர் ஆரம்பித்ததே, அந்த நெய்யூர். வைவாவுக்கு பைபிளிலிருந்து ஒரே வரி: "மண்ணுலேர்ந்து சார். ஆறாவது நாள்." பேச்சு முடிந்தது என்கிற மாதிரி தலையணை உறையை மாற்றப் போய்விட்டார்.

அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராது, வலி. கட்சிக் கூட்டமும் இல்லை. எதிராளி கிடைத்த சந்தோஷத்தில் தினமும் 10 மணிக்கு மேல் ஆரம்பித்துவிடுவார். பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல்காரர் 1863ல் கற்காலக் கைக்கோடாலி எடுத்த கதை, திருவள்ளூர் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகளுக்கு 15 லட்சம் வருடம் வயது என்று 2011ல் வந்த ஆராய்ச்சி, எல்லாம் ஒரு ரவுண்டு போகும். "உலகத்துக்கே ஆறாயிரம் வருஷம்தான்னா, அந்தக் கோடாலியை யார் செஞ்சா?" சிஸ்டர் குதிகாலுக்கு அடியில் துணிச் சுருணை வைத்துக்கொண்டே, "கல்லு எப்பவும் கல்லாத்தான் சார் கிடக்கும். வயசு யாரு எழுதி வச்சா?" என்பார். இவருக்கு ஒருமுறைகூடக் குரல் உயர்ந்ததில்லை. அப்பாவுக்கு உயரும், உடனே பிபி பார்க்கப்படும், விவாதம் அதோடு தள்ளிவைக்கப்படும். இது நியாயமான ஆட்டமா என்று அப்பாவே ஒருநாள் கேட்டார்.

பதினாறாம் நாள் குளிர் ஜுரம் வந்தது. யூரினில் கிருமி. கல்சர் ரிப்போர்ட் வர இரண்டு நாளானது. நான் காமர்ஸ் படித்தவள், அந்தத் தாளைப் பார்த்தால் ராசிக் கட்டம் மாதிரி இருந்தது: மேலே ஈ.கோலை (குடலில் இருக்கிற பாக்டீரியா), இஎஸ்பிஎல் (பல ஆன்டிபயாட்டிக்குகளை முறித்துவிடுகிற வகை) என்று இருந்தது, கீழே மருந்துப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர் அல்லது எஸ். ஆர் என்றால் அந்த மருந்துக்கு அடங்காது, எஸ் என்றால் கேட்கும். ராத்திரி சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சை அடித்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கினார். ஆர், ஆர், ஆர், ஆர். கடைசிக்குப் பக்கத்தில்தான் எஸ் வந்தது, அதில் ஒன்றை டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்தார். தினம் ஒரு ஊசி, ஏழு நாள். ஒரு மருந்துக் குப்பியின் விலையைக் கேட்டால் ஜுரம் நமக்கு வரும்.

"இந்த ஆர் எல்லாம் நாம வளர்த்ததுதான் சார்" என்றார் சிஸ்டர். "சளிக்கும் ஆன்டிபயாட்டிக், வயித்துக்கும் ஆன்டிபயாட்டிக், மெடிக்கல்ல கேட்டு வாங்குது, ரெண்டு நாள்ல நிறுத்திருது. சாவக்கூடியது செத்துரும். தாக்குப் பிடிச்சது மட்டும் இருந்து பெருகும். அடுத்த தடவை முழுக்க அதுதான்."

அப்பா வலியை மறந்து எழுந்து உட்காரப் பார்த்தார். "இதத்தாம்மா நான் ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்! இதுக்குப் பேருதான் இயற்கைத் தேர்வு!" தோதான இடத்தில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும், ஒரு நாளைக்கு 72 தலைமுறை, நமக்கு 72 தலைமுறை என்றால் ராஜராஜ சோழன் காலத்துக்கும் முன்னால் போய்விடும் என்று கணக்குப் போட்டார். பெனிசிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945ல் நோபல் வாங்கும்போது, அரைகுறை டோஸ் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தாராம். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது பூச்சி சார். எத்தனை தலைமுறை போனாலும் ஈ.கோலை ஈ.கோலையாத்தானே இருக்கு? பூனையாகலையே. அந்தந்த ஜாதியின்படியேன்னு பைபிள்ல ஆதியாகமத்திலேயே இருக்கு." ஜாதி என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா வேறு ரூட்டில் போய்விட்டார், அதை இங்கே எழுதப் போவதில்லை.

இது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. டார்வின் சொன்னதில் பாதியை இந்த அம்மா தினமும் கையால் செய்கிறார், மீதிப் பாதி வேண்டாம் என்கிறார். ஊசி போட்ட நான்காம் நாள் ஜுரம் விட்டுவிட்டது, "நிறுத்திடலாமே, இவ்வளவு விலை" என்று சொன்னது நான்தான், பரிணாமத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாத நான். விடாமல் ஏழு நாளும் போட வைத்தது அவர்.

அதற்காக நம்பிக்கை ஒரு விஷயமே இல்லை என்று எழுதிவிடவும் முடியவில்லை. ஜுரம் 103 ஏறிய ராத்திரி, இரண்டு மணிக்கு மேல் நான் எழுந்து போய்ப் பார்த்தபோது, சிஸ்டர் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு, அப்பா நெற்றியில் கை வைத்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார், மெல்லிய சத்தத்தோடு. அப்பா அரை நினைவில் கிடந்தார். காலையில் எப்படியோ அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "என் உடம்பு என்னோடது. என்னைக் கேட்காம அது மேல யாரும் ஜெபமும் பண்ணக்கூடாது, அர்ச்சனையும் பண்ணக்கூடாது" என்று கத்தினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. முடியாமல் கிடக்கிற ஆளிடம் கேட்காமல் செய்வது தப்பு, எந்தச் சாமியாக இருந்தாலும்.

ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். சூப்பர்வைசர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "ஹிந்து ஸ்டாஃப் மாத்தித் தரட்டுமா மேடம்?" நான் கேட்டது அதுவா? நோயாளியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று உங்கள் ஆட்களுக்கு ஒரு விதி இருக்கிறதா என்றேன். "எங்க ஸ்டாஃப் எல்லாரும் நல்ல டிவோஷனல் மேடம்" என்றார். இந்தக் கம்பெனிக்கு நான் ஸ்டார் குறைத்ததில் முக்கால் பங்கு இந்த ஒரு போனுக்குத்தான்.

நானே சிஸ்டரிடம் பேசினேன். "தப்புதான் அக்கா. சாரைக் கேட்டிருக்கணும். இனி சத்தமாப் பண்ணமாட்டேன்." சத்தமாக என்ற சொல்லைக் கவனித்தேன். அப்பாவிடம் சொன்னால், "மனசுக்குள்ள பண்றது அவங்க சொந்த விஷயம், அதுல நான் தலையிட முடியாது" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அப்புறம்தான் அன்றைய ராத்திரி சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். 1.40, ஜுரம் 103, ஈரத்துணி ஒத்தடம். 1.55, டாக்டருக்குப் போன், சொன்ன மாத்திரை கொடுத்தது. 2.10, யூரின் 150 மில்லி, நிறம் கலங்கல். ஜெபம் அதற்கு அப்புறம்தான், அது சார்ட்டில் இல்லை.

அப்பாதான் இதற்கு ஒரு கதை சொன்னார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859ல் வந்தது, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நர்ஸ் வேலை பற்றி எழுதிய குறிப்புகளும் அதே 1859. நைட்டிங்கேல் அம்மையாருக்குக் கடவுளே தன்னைக் கூப்பிட்டார் என்று நம்பிக்கை. நோய் கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார், கிருமி என்ற பேச்சை லேசில் ஏற்கவில்லை. ஆனால் ஜன்னலைத் திற, கழிவை அகற்று, கையைக் கழுவு என்று அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அந்தக் காலத்தில் நம் ஊரில் மேல்ஜாதிப் பெண்கள் மலம் சீழ் தொடுகிற வேலை தீட்டு என்று வர மறுத்தார்கள், மிஷன்காரர்கள் சேர்த்துப் பழக்கிய பெண்கள்தான் முதலில் வந்தார்கள், வேலூரில் ஐடா ஸ்கடர் 1909லேயே நர்சிங் பயிற்சி ஆரம்பித்துவிட்டார் என்றும் சொன்னார். ராத்திரி சிஸ்டர் காதில் விழ வேண்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னார் என்று எனக்குச் சந்தேகம்.

அந்த வாரத்திலேயே நடந்த இன்னொன்று. சிஸ்டர் சவூதி போவதற்கு முன் கூடலூர் பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். அங்கே பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரிவாள் செல் ரத்த நோய், கை கால் மூட்டெல்லாம் வலித்து அழும், தூக்கிக்கொண்டு நடந்தால்தான் அடங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பிடித்துக்கொண்டார். அந்த மரபணு அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் அந்த நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவில் சாகாமல் காப்பாற்றும், அதனால்தான் மலேரியா அதிகம் இருந்த காடுகளில் இருந்தவர்களிடம் அது தங்கிவிட்டது, நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பதை 1952லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். "இது பூச்சி இல்லம்மா. மனுஷன். மனுஷனையும் இயற்கை தேர்ந்தெடுத்திருக்கு. உன் கையில தூக்கின பிள்ளைகள்."

முதல் தடவையாக சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்றார். மூன்று ராத்திரி அந்தப் பேச்சே வரவில்லை. நான்காம் ராத்திரி ஊசி மருந்தைக் கலக்கியபடி, கேட்காமலே சொன்னார்: "சாபத்துக்குள்ளயும் ஒரு ஆசீர்வாதத்தை வச்சிருக்காரு சார். அதைத்தான் நீங்க மலேரியான்னு சொல்லுதீங்க." அப்பா ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பான பதில்" என்றார், "ஆனா மனப்பாடம் பண்ணினது இல்ல."

கடைசி வாரம் ராத்திரி சிஸ்டர் ஊருக்குப் போக, நான்காவதாக வேளாங்கண்ணிப் பக்கத்து கத்தோலிக்கப் பெண் வந்தார். "எங்களுக்குப் பிரச்சனையே இல்ல சார், போப்பே ஒத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டார். 1950ல் பன்னிரண்டாம் பயஸ் கதவைத் திறந்தார், 1996ல் இரண்டாம் ஜான் பால் அது வெறும் ஊகம் இல்லை என்று சொன்னார், அது அப்பாவுக்கும் தெரியும். சண்டைக்கு வழியில்லாததால் அந்த வாரம் முழுக்கச் சீக்கிரம் தூங்கினார். வேலை சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சேவையைப் பற்றி மொத்தமாகக் கேட்டால் 5க்கு 3. நர்ஸ்களை வைத்து என்றால் 4, ஆபீஸை வைத்து என்றால் 1.5. வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் வருவார் என்றார்கள், ஆறு வாரத்தில் ஒரே ஒருமுறை வந்து காபி குடித்தார். ஆள் மாறினால் முந்தின நாளே சொல்வோம் என்றார்கள், சொன்னதில்லை. நீங்கள் எடுப்பதாக இருந்தால் அந்த அட்டையில் மதக் கட்டத்தை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: கேன்யுலா போடத் தெரியுமா, டியூபோடு இருக்கிற நோயாளியை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார், ராத்திரி டாக்டரைக் கூப்பிடத் தயங்குவாரா. முதல் நாள் கை கழுவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், குறைந்தது 20 நொடியாவது ஆக வேண்டும். வீட்டில் சாமி விஷயத்தில் ஏதாவது கறார் இருந்தால், சாமி உண்டு என்கிற வீடானாலும் சரி, எங்கள் வீடு மாதிரி இல்லை என்கிற வீடானாலும் சரி, வந்தவுடனே நீங்களே சொல்லிவிடுங்கள், ஆபீஸ் சொல்லும் என்று நம்பாதீர்கள்.

ராத்திரி சிஸ்டரின் மகன் பத்தாம் வகுப்பு. அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு பாடம், மத்திய அரசுப் பாடப் புத்தகத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து இதை 2023ல் எடுத்துவிட்டார்கள், நம் புத்தகத்தில் இருக்கிறது. பையனுக்குப் பிடிபடவில்லையாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு அப்பா வாக்கரைப் பிடித்து நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து போனில் அவனுக்குப் பாடம் எடுக்கிறார். நேரம் 4 என்று வைத்தது சிஸ்டர்தான், அதற்கு முன் சபையிலிருந்து வர முடியாது. "மார்க்கு வந்தாப் போதும் சார், நம்ப வைக்காண்டாம்" என்று ஒரே நிபந்தனை. அப்பா ஒத்துக்கொண்டார், எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறார் என்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

டெபாசிட்டில் 8,800 வந்துவிட்டது. மீதி 1,200 கிளவுஸுக்கும் பஞ்சுக்கும் பிடித்தது என்கிறார்கள். கிளவுஸ் பெட்டி மூன்றும் நான்தான் மெடிக்கலில் வாங்கினேன், பில் கையில் இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பி பதினோரு நாள் ஆகிறது, இரண்டு நீல டிக்கோடு நிற்கிறது.